"ஈவ் டீசிங்" என்று இன்னும் எழுதலாமா?

கரூர் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிக்கு மேல் டவுன் பஸ்ஸில்தான் வருகிறார்கள். மாடிப்படி பக்கத்தில் ஒரு விழிப்புணர்வுப் பலகை வைக்கலாம் என்று முடிவாகி, எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எங்கிருந்தோ எடுத்த மாதிரி வாசகம் ஒன்றையும் கொடுத்தார்கள்: "ஈவ் டீசிங் தண்டனைக்குரிய குற்றம்". அதை வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், டீசிங் என்றால் கிண்டல்தானே, கிண்டல் பண்ணினால் ஜெயிலா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

இந்தச் சொல்லுக்கு உள்ளே என்னென்ன அடங்கும், வெளிநாட்டில் இதை எப்படிச் சொல்கிறார்கள், தமிழில் இதற்குப் பொருத்தமாக எதை எழுதலாம், மூன்றும் எனக்கு வேண்டும். இந்தச் சொல் செயலைச் சின்னதாக்கிக் காட்டுகிறது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள்.

லீட்ஸ் வாசி

டீச்சர், இரண்டாவது கேள்விக்கு என் பதில். இங்கே இங்கிலாந்தில் யாரிடமாவது "ஈவ் டீசிங்" என்றால் சுத்தமாகப் புரியாது. இது இந்திய ஆங்கிலம். 1960களிலேயே நம் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்துவிட்டது, அப்புறம் பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் என்று பக்கத்து நாடுகளுக்கும் பரவியது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்கு "ரோட் சைடு ரோமியோ" என்ற சொல்லும் பிடித்தமானது, இரண்டும் ஒரே ரகம். இங்குள்ள ஆங்கிலத்தில் டீஸ் என்பது நண்பர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வது, அண்ணன் தங்கையைக் கிண்டலடிப்பது, அவ்வளவுதான். தெருவில் போகிற பெண்ணைப் பார்த்துக் கத்தினால் இங்கே அதற்கு வேறு சொல் இருக்கிறது, பின்தொடர்ந்தால் ஸ்டாக்கிங், தொட்டால் குற்ற வழக்கு.

ஈவ் என்ற பாதியும் சாதாரணமானதில்லை. ஈவ் என்றால் பைபிளில் வரும் ஏவாள். ஆதாமுக்குப் பழத்தைக் கொடுத்தவள் என்று காலங்காலமாகப் பழி சுமப்பவள். ஆக, மயக்குகிறவள் என்ற பழி பெண் மேல் முன்கூட்டியே விழுந்துவிடுகிறது, செய்தவன் செய்தது கிண்டல் என்று ஆகிவிடுகிறது. இரண்டு சின்னச் சொல்லுக்குள் இவ்வளவு ஒளிந்திருக்கிறது.

பழைய டெஸ்க்

நான் பல வருடம் மாவட்டச் செய்திப் பக்கம் பார்த்தவன். தமிழ்ப் பத்திரிகையில் இதற்கு ஈடாக ஓடுகிற சொல் "சில்மிஷம்". "ஓடும் பஸ்ஸில் மாணவியிடம் சில்மிஷம், வாலிபர் கைது." ஒற்றைப் பத்தித் தலைப்பில் அழகாக உட்காரும், வாசகருக்குச் சட்டென்று புரியும், அதனால் யாரும் மாற்றுவதில்லை. ஆனால் செய்தியை முழுதாகப் படித்தால், அவன் அந்தப் பிள்ளையை அரைமணி நேரம் உரசியபடியே நின்றிருப்பான், இறங்கியபிறகும் தெருமுனை வரை போயிருப்பான். சில்மிஷம் என்ற சொல்லை நாம் கண்ணனுக்கும் சொல்கிறோம், ஐந்து வயதுப் பேரனுக்கும் சொல்கிறோம். அதே சொல்லைத் தலைப்பில் போட்டால் படிப்பவர் மனதில் பாதி மன்னிப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னொரு பக்கம் "மானபங்கம்". இது எனக்கு இதைவிடக் கோபம் வரவைக்கிற சொல். அவன் கையை நீட்டுகிறான், பங்கப்பட்டது அவள் மானம் என்று எழுதுகிறோம். அவளுக்கு என்ன பங்கம்? டெஸ்கில் நான் இருந்தவரை இந்த இரண்டையும் வெட்டிவிட்டு என்ன நடந்ததோ அதை எழுதச் சொல்வேன். கையைப் பிடித்து இழுத்தான் என்றால் கையைப் பிடித்து இழுத்தான் என்றே எழுது. இரண்டு வார்த்தை கூடும், கூடட்டும்.

நெல்லைச் சீமை

எல்லோரும் இந்தச் சொல்லைத் தூக்கி எறியச் சொல்கிறீர்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை தகப்பனிடம் போய் "அப்பா, பஸ்ஸில் ஒருத்தன் எனக்குப் பாலியல் துன்புறுத்தல் கொடுக்கிறான்" என்று வாயைத் திறந்து சொல்லுமா? சொல்லாது. பாலியல் என்ற சொல்லே வீட்டில் யார் வாயிலும் வராது. "ஈவ் டீசிங் பண்றான்ப்பா" என்று சொல்லிவிடும். இங்கிலீஷ் என்பதால் கூச்சம் குறைவு, கேட்கிற அப்பாவுக்கும் விஷயம் என்னவென்று தெரிந்துவிடும், மேற்கொண்டு கிளறிக் கேட்டு அவளைக் கூசவைக்கவும் மாட்டார். என் தங்கச்சி அப்படித்தான் சொன்னாள். மறுநாளே அப்பா அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை போய் நின்றார். அந்தச் சொல் இல்லாவிட்டால் அவள் சொல்லாமலே படிப்பை நிறுத்தியிருப்பாள் என்று நினைக்கிறேன். பெரிய சொல்லாகப் போட்டுப் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஜன்னலோரம்

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான், வீட்டுக்குள் அந்தச் சொல் ஒரு வாசல். ஆனால் அதே சொல் காவல் நிலையத்துக்குப் போனால் என்ன ஆகிறது என்று நான் சொல்கிறேன், நான் அனுபவித்தது.

கல்லூரி நாட்களில் ஒரே ஆள் மூன்று வாரத்துக்கு மேல் காலையில் நான் ஏறும் நிறுத்தத்தில் நின்றான். நான் ஏறினால் ஏறுவான், நான் இறங்கினால் இறங்குவான், நான் நிறுத்தம் மாறினால் மறுநாள் அங்கே இருப்பான். ஒருநாள் கூட்டத்தில் இடுப்பில் கை வைத்தான். நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் இவ்வளவும் சொன்னேன். அங்கே எழுதிக்கொண்டவர் மனுவில் எழுதியது ஒரே வரி: "மேற்படி நபர் ஈவ் டீசிங் செய்ததாக". மூன்று வாரம் காணோம், பின்தொடர்ந்தது காணோம், இடுப்பு காணோம். அவனைக் கூப்பிட்டு வைத்து, "இனி கிண்டல் பண்ணாதே" என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். அவன் எழுதிக்கொடுத்ததும் உண்மைதான், கிண்டல் பண்ணவே இல்லையே அவன். அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. நான் வேறு ரூட்டில் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படிப்பை முடித்தேன்.

வாயால் சொல்லும்போது எந்தச் சொல்லும் சரி. பேப்பரில் ஏறும்போது அது கூடாது, இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

வக்கீலம்மா

ஜன்னலோரம், உங்களுக்கு நடந்ததைப் போல நிறைய மனுக்களை நான் பார்த்திருக்கிறேன் கண்ணு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் வெறும் பேச்சுவழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது சட்டத்தின் பெயராகவே இருந்தது. 1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி இறந்துபோனார். ஆட்டோவில் வந்த ஒரு கும்பல் தண்ணீரைப் பீய்ச்சி, ஒருவன் மேலே பாய்ந்து, அவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, சில நாளில் உயிர் போனது. அந்தக் கொந்தளிப்பில் அந்த மாதக் கடைசியிலேயே அவசரச் சட்டம் வந்தது, அப்புறம் முழுச் சட்டமானது. பெயர்: தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டம், 1998. ஒரு பெண்ணின் உயிர் போன பிறகு வந்த சட்டத்துக்குக் கிண்டல் என்று பெயர் வைத்தார்கள், யோசித்துப் பாருங்கள். பின்னாளில் திருத்தம் வந்து பெயரில் "ஈவ் டீசிங்" போய் பெண்ணைத் துன்புறுத்துதல் என்று ஆனது, தண்டனையும் கூடியது. செய்திகளில் "பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம்" என்று வருவது இதுதான்.

பெயர்தான் மென்மை, சட்டத்தின் உள்ளே அப்படி இல்லை. பெண்ணுக்கு அச்சம், வெட்கம், சங்கடம் தரும் அல்லது தரக்கூடிய எந்த அநாகரிக நடத்தையும் அதில் அடங்கும். இடங்களையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறது: கல்விக்கூடம், கோயில், பஸ் நிறுத்தம், சாலை, ரயில் நிலையம், சினிமா கொட்டகை, பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம், பஸ் முதலிய பொது வாகனம். பஸ்ஸுக்குள் நடந்து, அந்தப் பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் அதில் உண்டு. இது பலருக்குத் தெரியாது. டீச்சர், உங்கள் பலகையில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

அடுத்து ஒரு உச்ச நீதிமன்ற வழக்கு, அதுவும் நம்மூர் வழக்கு. 1999 ஜூலை, குற்றால சீசன் பந்தோபஸ்துக்கு வந்த ஆயுதப்படைக் காவலர் ஒருவர் குடித்துவிட்டுத் தென்காசி பஸ் நிலையத்துக்குப் போய், கணவரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் அத்துமீறினார். வழக்கு நடக்கும்போது கணவன், மனைவி இருவருமே பிறழ் சாட்சி ஆகி, முன்பு சொன்னதை மாற்றிவிட்டார்கள், அந்தக் காவலருக்கு விடுதலை. ஆனால் துறை விசாரணையில் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 30 அன்று நீக்கம் சரியே என்றது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் ஈவ் டீசிங் என்பது ஒரு இடக்கரடக்கல், அதாவது மோசமானதை மென்மையாக மூடிச் சொல்லும் சொல் என்று சொல்லி, இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு மட்டும்தான் என்றும் குறிப்பிட்டார்கள். பஸ் நிலையம், ரயில் நிலையம், சினிமா கொட்டகை மாதிரி இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ், கண்காணிப்புக் கேமரா, உதவி எண் என்று உத்தரவுகளும் போட்டார்கள்.

அப்புறம் 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் மாணவிக்கு நடந்த கொடுமை, அதையொட்டிச் சட்டத்தை ஆராய வந்த வர்மா கமிட்டி, 2013 சட்டத் திருத்தம். அதில்தான் பாலியல் துன்புறுத்தலும் பின்தொடர்தலும் தனித்தனிக் குற்றங்களாகப் பிரிந்தன. 2024 ஜூலை முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தல் பிரிவு 75, பின்தொடர்தல் 78, சொல்லாலும் சைகையாலும் அவமதிப்பது 79, பலவந்தமாகத் தொடுவது 74. ஜன்னலோரம் சொன்னது இன்று நடந்தால் 78-ம் உண்டு, இடுப்பில் கை வைத்ததற்குத் தனியாகவும் உண்டு. "ஈவ் டீசிங் செய்ததாக" என்ற ஒற்றை வரி இந்த நான்கையும் விழுங்கிவிடுகிறது, எந்தப் பிரிவு போடுவது என்று முடிவு செய்ய அங்கே எதுவுமே மிஞ்சுவதில்லை. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பெயர் வைக்காதே, தேதி, நேரம், இடம் போடு, அவன் கை எங்கே இருந்தது, என்ன சொன்னான், எத்தனை நாளாக வருகிறான் என்று எழுது, அப்புறம் மனு ரசீது வாங்காமல் வெளியே வராதே.

நெல்லைச் சீமை

வக்கீலம்மா, இது நல்ல விளக்கம். வீட்டில் ஒரு சொல், பேப்பரில் விவரம். இதற்கு நானும் சம்மதம். தங்கச்சி விஷயத்தில் போலீஸ் வரை போகவில்லை என்பதால் அந்தப் பக்கம் நான் யோசித்ததில்லை.

யாழ்ப்பாணத்தான்

எங்கட பக்கத்தைப் பற்றியும் ஒரு தகவல். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் "பாலியல் சேட்டை" என்று எழுதுவார்கள். பேச்சில் "அவன் பெட்டையோட சேட்டை விட்டவன்" என்போம், பெட்டை என்றால் எங்கட பேச்சில் பெண்பிள்ளை. சேட்டை என்றாலும் சின்னப்பிள்ளைக் குறும்புதானே, அதனால் உங்கட சில்மிஷத்தில் இருக்கிற குறை இதிலும் இருக்கு. சட்டம் வேறு, அங்கே தண்டனைச் சட்டக் கோவை 345-ஆம் பிரிவில் 1995 திருத்தத்தோடு பாலியல் தொந்தரவு என்று தெளிவாக வந்துவிட்டது.

ஆனால் வேறொரு சொல்லில் எங்கட ஆட்கள் நல்ல வேலை செய்திருக்கினம். ராகிங். நீங்கள் அப்படியே ராகிங் என்கிறீர்கள். நாங்கள் "பகிடிவதை" என்கிறோம். பகிடி என்றால் எங்கட தமிழில் கேலி, நகைச்சுவை. செய்கிறவன் "பகிடிக்குத்தான் செய்தனான்" என்று சொல்லுவான், பட்டவனுக்கு அது வதை. ரெண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். செய்தவனின் சாக்கும் சொல்லுக்குள்ளேயே இருக்கு, பட்டவனின் வலியும் இருக்கு. 1998-ல் அங்கே பகிடிவதைக்கு எதிராகச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தும் பல்கலைக்கழகங்களில் நின்றுபோகவில்லை, அது வேறு துயரம். ஆனாலும் ஒரு தாய் "என்ர பிள்ளைக்குப் பகிடிவதை" என்று சொல்லும்போது கேட்கிற எவரும் அதை விளையாட்டு என்று நினைக்கிறதில்லை.

பழைய டெஸ்க்

யாழ்ப்பாணத்தான், இதற்கு நன்றி. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலை நடந்தபோது இங்கே ராகிங் என்ற சொல் ஒரே வாரத்தில் பட்டிதொட்டி எங்கும் போய்ச் சேர்ந்தது, 1997-ல் ராகிங் தடைச் சட்டமும் வந்தது. அந்தச் சமயத்தில் நமக்குப் பகிடிவதை மாதிரி ஒரு சொல் கைக்குக் கிடைத்திருந்தால் தலைப்புகளே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மஞ்சப்பை

இந்த இழையில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் வீடுகளில் கேலி என்பது உறவு முறையோடு வருவது. மாமன் மகன், அத்தை மகன் கிண்டலடிப்பான், கல்யாண வீட்டில் மச்சினிகள் மாப்பிள்ளையைப் படுத்தி எடுப்பார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தெருவில் பெண்ணிடம் வம்பு செய்கிற பையனை விசாரித்தால் "சும்மா கலாய்ச்சோம்" என்கிறானே, அவன் இந்த உரிமையைத்தான் திருடிக்கொள்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

முறைக்காரன் கேலி செய்தால் அவள் திருப்பிக் கொடுப்பாள், பெரும்பாலும் இரண்டு மடங்காகக் கொடுப்பாள், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். எல்லை தாண்டினால் அதே பாட்டி அதட்டுவாள். பஸ் ஸ்டாப்பில் அவளால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியுமா? சொன்னால் நாளைக்கு அவன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். பதில் சொல்ல முடியாதவளிடம் செய்வதற்குக் கேலி என்று பெயரே கிடையாது. அந்த மாணவிக்கு நான் டீச்சராக இருந்தால் இப்படித்தான் விளக்குவேன்.

டாக்காவில் இருந்தவன்

திருப்பூர்க்காரன். பனியன் தொழிலில் சில காலம் பங்களாதேஷில் வேலை பார்த்தேன். அங்கேயும் இதே "ஈவ் டீசிங்"தான், வங்காளப் பத்திரிகைகளிலும் அப்படியே அந்த எழுத்தில் எழுதுவார்கள். 2010 வாக்கில் இந்தத் தொல்லை தாங்காமல் பள்ளிப் பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. தட்டிக்கேட்ட ஆசிரியரும் தாயும் கொல்லப்பட்ட செய்திகளும் வந்தன. அந்த ஆண்டுக் கடைசியில் நடமாடும் நீதிமன்றங்கள் அங்கேயே தண்டனை கொடுக்க அதிகாரம் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் அவர்களுடைய உயர் நீதிமன்றம் ஈவ் டீசிங் என்ற சொல்லையே இனிமேல் பயன்படுத்தக் கூடாது, இதைப் பாலியல் துன்புறுத்தல் என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு சொல்லுக்கு எதிராக நீதிமன்றமே இறங்கியதை நான் அப்போதுதான் பார்த்தேன். பேச்சில் உடனே போய்விடவில்லை, தொழிற்சாலை வாசலில் அதற்கப்புறமும் அந்தச் சொல்தான் காதில் விழுந்தது.

ஜன்னலோரம்

2022-ல் நம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்ததே, அதில் பொதுப்பெயர் எதுவும் இல்லாமல் நேராகச் செயலைச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் பெண்ணை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, சைகை காட்டுவது, பாட்டுப் பாடுவது. செய்கிற பயணியை நடத்துநர் இறக்கிவிடலாம், போலீசிடம் ஒப்படைக்கலாம். ஏற்றிவிடுகிறேன் என்ற சாக்கில் நடத்துநரே தொட்டால் அதுவும் குற்றம். படித்தபோது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. யாரோ ஒருவர் உண்மையிலேயே டவுன் பஸ்ஸில் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

கரூர் டீச்சர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவையும் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"பஸ்ஸிலோ ரோட்டிலோ யாராவது உன்னை உரசினால், தொட்டால், பின்னாலேயே வந்தால், உடம்பைப் பற்றிப் பேசினால், விசிலடித்தால், அது குற்றம். உன் தப்பு அதில் எதுவும் இல்லை. நடத்துநரிடம் சத்தமாகச் சொல். வண்டியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. எங்களிடம் சொல், எந்த வார்த்தையில் சொன்னாலும் எங்களுக்குப் புரியும். உதவி எண் 181."

கடைசிக்கு முந்தைய வரி நெல்லைச் சீமை அண்ணனுக்காகச் சேர்த்தது.

நெல்லைச் சீமை

டீச்சர், அந்த ஒரு வரி போதும். என் தங்கச்சியிடம் காட்டுகிறேன்.

வக்கீலம்மா

வாசகம் அருமை. ஒரு முக்கியமான விஷயம் மட்டும் பாக்கி. நான் மேலே சொன்ன பிரிவுகள் எந்த வயதுப் பெண்ணுக்கும் பொதுவானவை. உங்கள் பிள்ளைகள் ஒன்பது, பத்தாம் வகுப்பு, எல்லோரும் 18 வயதுக்குக் கீழே. அவர்களுக்கு நடந்தால் அதோடு போக்சோ சட்டமும் வரும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 சட்டம் அது. கெட்ட எண்ணத்தோடு தொட்டால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. தொடாமலே திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தாலும், போனில் தொந்தரவு செய்தாலும் அதிலும் குற்றம்தான். எண் 181-க்குக் கீழே குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் போடுங்கள், அவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

கரூர் டீச்சர்

போட்டுவிடுகிறேன் மேடம். ஒரு பிள்ளை என்னிடம் வந்து சொல்லிவிட்டு, "யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்" என்றால் என்ன செய்வது? இது அடிக்கடி நடக்கும்.

வக்கீலம்மா

சொல்லித்தான் ஆகவேண்டும். தெரிந்தவர் எவரானாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ பிரிவு 19, தெரிவிக்காவிட்டால் 21-இன்படி அதுவே குற்றம். பிள்ளையிடம் அதை மறைக்க வேண்டாம், "நான் சொல்லியாக வேண்டும், ஆனால் நீ இருக்கிற இடத்தில் நானும் இருப்பேன்" என்று சொல்லுங்கள். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வைத்து வாங்கலாம், கூடுமானவரை பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும், அவர் சீருடையில் வரக் கூடாது. அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. யாராவது அதைச் சுருக்கி "ஈவ் டீசிங்" என்று எழுதினால், கையெழுத்துப் போடும் முன் நிறுத்தி, முழுசாக எழுதச் சொல்லுங்கள்.